கொழும்பிலிருந்து ட்ரவுட் பிடிக்கப் போகிறவர்களுக்கு: தூண்டில் சாமானும் இரையும் வாங்கும் வழி

நுவரெலியாப் பக்கம் போய் ட்ரவுட் பிடிக்க வேண்டும் என்ற ஆசையோடு கொழும்பில் தூண்டில் தேடுபவருக்கு முதலில் எதிர்ப்படுவது கடல் சாமான்தான். புறக்கோட்டையில் தங்கூசியும் கொழுக்கியும் விற்பவர்கள் நல்ல அனுபவசாலிகள். ஆனால் அவர்களுடைய வாடிக்கையாளர் பாரை, சீலா பிடிக்கிறவர். "மீன் பிடிக்க ஒரு தூண்டில்" என்று கேட்டால் பாரையை இழுக்கிற தடியைத்தான் எடுத்து நீட்டுவார்கள். மலைநாட்டு ஓடையில் அதனால் ஒரு பயனும் இல்லை. இணையத்தில் தேடினால் அமெரிக்காவையும் இங்கிலாந்தையும் மனதில் வைத்து எழுதியவையே கிடைக்கின்றன. அங்கே சொல்லும் பாதிச் சாமான் இங்கே கிடைக்காது. எனக்கு இதெல்லாம் விளங்கி வர நிறைய அலைச்சல் ஆனது. அந்த அலைச்சல் உங்களுக்கு வேண்டாம் என்பதற்காக இதை வரிசைப்படுத்தி எழுதுகிறேன்.

ட்ரவுட் குளிர்ந்த நீரில் வாழும் மீன். தண்ணீர் சுமார் 20 பாகை செல்சியஸைத் தாண்டினால் அதற்குத் திணறல் தொடங்கிவிடும். ஆகவே பொல்கொடையிலோ தியவன்னாவிலோ அதைத் தேட வேண்டாம். நம் நாட்டில் அதற்கான இடம் மலைநாடுதான்: நுவரெலியா, ஹோட்டன் சமவெளி, அவற்றைச் சுற்றியுள்ள உயர்ந்த இடத்து நீரோடைகள்.

1. காசை எடுக்கும் முன் அனுமதியைத் தீர்த்துக்கொள்ளுங்கள்

பெரும்பாலானோர் தடியை வாங்கிவிட்டு இடம் தேடுகிறார்கள். வரிசை மாற வேண்டும். எந்த நீரில் பிடிக்கப் போகிறீர்கள் என்பது முடிவானால்தான் மண்புழு போடலாமா, இறகு கட்டிய ஃப்ளை மட்டுமா என்பது தெரியும். அதுதான் நீங்கள் வாங்க வேண்டிய தடியையே தீர்மானிக்கிறது. மலைநாட்டு ட்ரவுட் நீர்நிலைகளில் ஃப்ளை மட்டுமே என்பது பழைய வழக்கம். சாதாரணச் சுழல் ரீலும் (தடியில் பூட்டித் தங்கூசியைச் சுற்றும் கருவி) மண்புழுவும் வாங்கி வைத்த பிறகு இதை அறிந்தால் காசு வீண்.

ஹோட்டன் சமவெளி ஒரு தேசியப் பூங்கா. வாசலில் வாங்கும் நுழைவுச்சீட்டு நடந்து பார்ப்பதற்கானது. அது தூண்டில் போடுவதற்கான அனுமதி ஆகாது. அங்கே மீன்பிடிப்பது பற்றிய கேள்வியை வனசீவராசிகள் பாதுகாப்புத் திணைக்களத்திடம்தான் கேட்க வேண்டும். தலைமை அலுவலகம் பத்தரமுல்லையில் இருப்பதால் கொழும்புக்காரருக்கு இது வசதி. எழுத்தில் அனுமதி கிடைக்காத வரையில் தடியைப் பூங்காவுக்குள் கொண்டுபோகவே வேண்டாம்.

கிரகரி வாவிக் கரைக்கும் நுழைவுச்சீட்டு உண்டு. அதுவும் பொழுதுபோக்குச் சீட்டுத்தான். தூண்டில் பற்றி நுவரெலியா மாநகர சபையிலிருந்து விசாரிக்கத் தொடங்குங்கள். தேயிலைத் தோட்டத்துக்குள் இருக்கும் குளம், ஓடை என்றால் தோட்டத் துரையின் அனுமதி வேண்டும். துரை வாயால் "சரி" என்று சொல்லியிருந்தாலும் காவற்காரருக்கு அது தெரிந்திருக்காது. இரண்டு வரி எழுதிக் கையொப்பம் வாங்கிக்கொள்ளுங்கள்.

கடிதத்தில் எழுத வேண்டியவை: உங்கள் பெயர், தேசிய அடையாள அட்டை இலக்கம், எந்த நீர்நிலை, எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை, எத்தனை பேர், எத்தனை தடி, ஃப்ளையா இரையா, பிடித்ததைத் திரும்ப விடுவீர்களா எடுத்துப் போவீர்களா. கடைசி வரி மிக முக்கியம். திரும்ப விடுவதாக எழுதினால் கேட்பவரின் தயக்கம் பாதி குறைந்துவிடும். தமிழிலேயே எழுதலாம், அது உங்கள் உரிமை. அவசரமென்றால் ஒரு சிங்களப் பிரதியையும் இணைத்து விடுங்கள், மேசை மேசையாக மொழிபெயர்ப்புக்கு அலைய வேண்டியிருக்காது. அடையாள அட்டையின் பிரதி இரண்டு வையுங்கள். கொடுத்த கடிதத்தின் பிரதியில் திகதி முத்திரை கேட்டு வாங்குங்கள்.

பயணத்துக்கு ஒரு மாதம் முன்பாவது இதைத் தொடங்குவது நல்லது. இடையில் போயா வரும், நீண்ட வார இறுதி வரும், கோப்பு நகராது.

2. தங்கூசியிலிருந்து தொடங்குங்கள்

தடியைப் பார்த்து மயங்காதீர்கள். எல்லாவற்றையும் தீர்மானிப்பது தங்கூசியின் கனம்தான். ட்ரவுட் தெளிந்த நீரில் வாழும், கண்ணும் கூர்மையானது. கனத்த தங்கூசியைக் கண்டால் இரையை நெருங்காது. கனம் கூடினால் இரண்டு மூன்று கிராம் எடையுள்ள சின்னச் சாமானைத் தூர வீசவும் முடியாது.

சாதாரணச் சுழல் ரீலுக்கு 4 முதல் 6 இறாத்தல் வரை தாங்கும் ஒற்றை இழை நைலோன் தங்கூசி போதும். கிலோவில் சொன்னால் 1.8 முதல் 2.7 வரை. விட்டம் ஏறத்தாழ 0.18 முதல் 0.22 மில்லிமீற்றர். கடையில் இலக்கம் சொல்லிக் கேட்காதீர்கள். ஒவ்வொரு கம்பனியின் இலக்கமும் ஒவ்வொரு மாதிரி. சுருளின் ஒட்டியில் அச்சிட்ட மில்லிமீற்றரைப் பாருங்கள். நிறமில்லாதது நல்லது.

பின்னிய தங்கூசி, அதாவது பிரெயிட், மெல்லியதாகவும் பலமாகவும் இருக்கும் என்று கடைக்காரர் சொல்வார். உண்மைதான். ஆனால் அதில் நீட்சி இல்லை. மீன் திடீரென்று திமிறும்போது நைலோன் சற்று நீண்டு கொடுத்து உங்கள் பதற்றத்தைச் சமாளிக்கும். பிரெயிட் கொடுக்காது, கொழுக்கி வாயைக் கிழித்துக்கொண்டு வந்துவிடும். முதல் ஆண்டு நைலோனோடு இருங்கள்.

3. ரீலும் தடியும்: சுழல் ரீல் வழி

ரீல் அளவு 1000 முதல் 2000 வரை. கடற்கரையில் காணும் 4000, 6000 எல்லாம் இதற்குப் பெரிது. பெட்டியில் "13 பெயரிங்" என்று பெரிதாக எழுதியிருப்பதைக் கண்டு விலை கூட்டிக் கொடுக்காதீர்கள். எண்ணிக்கை கூடியதெல்லாம் நல்ல ரீல் என்று இல்லை. கடையிலேயே கைப்பிடியை மெதுவாகச் சுற்றிப் பாருங்கள். கரகரவென்று உராய்ந்தாலோ கைப்பிடி ஆடினாலோ வேண்டாம். அப்புறம் ட்ராக்கைச் சோதியுங்கள். ட்ராக் என்பது மீன் இழுக்கும்போது தங்கூசியை அளவோடு விட்டுக்கொடுக்கும் பகுதி. திருகைத் தளர்த்தி வைத்துக் கையால் தங்கூசியை இழுத்தால் ஒரே சீராக வர வேண்டும். விட்டு விட்டு வந்தால், மெல்லிய தங்கூசி முதல் மீனிலேயே அறுந்துபோகும்.

தடியும் ரீலும் தங்கூசியும் ஒரே பொதியாக விற்பது உண்டு. விலை கவர்ச்சியாக இருக்கும். வாங்கலாம், ஆனால் அதில் சுற்றி வந்திருக்கும் தங்கூசி பெரும்பாலும் கனத்தது, சுருள் விழுந்தது. அதை உருவிவிட்டுப் புதியதைச் சுற்ற ஆகும் செலவையும் கூட்டிப் பாருங்கள். சுற்றும்போது விளிம்புக்கு இரண்டு மில்லிமீற்றர் குறைவாக நிறுத்துங்கள். நிரம்பி வழிந்தால் சிக்கும், குறைந்தால் தூரம் போகாது.

தடி 6 அல்லது 6½ அடி, லைட் அல்லது அல்ட்ரா லைட். பெயரை நம்பாமல் கைப்பிடிக்கு மேலே அச்சிட்டிருக்கும் வீசு எடையை, அதாவது அந்தத் தடியால் எத்தனை கிராம் சாமானை வீசலாம் என்பதைப் படியுங்கள். 1 முதல் 7 கிராம், அல்லது 2 முதல் 10 கிராம் என்று இருக்க வேண்டும். 20, 40 என்று இருந்தால் அது கடலுக்கு. வீசு எடை எதுவும் அச்சிடாத தடியை வைத்துவிட்டு அடுத்த கடைக்குப் போங்கள்.

எத்தனை துண்டு என்பதையும் கவனியுங்கள். இரண்டு துண்டுத் தடி பிரித்தாலும் மூன்றடிக்கு மேல் நீளம். கோட்டையிலிருந்து நுவரெலியாவுக்குப் போகும் பஸ்ஸில் அதை எங்கே வைப்பது என்று தெரியாமல் கையிலேயே பிடித்துக்கொண்டு நிற்க வேண்டிவரும். நான்கு துண்டுத் தடி பைக்குள் அடங்கிவிடும். ரயிலில் போய் நானுஓயாவில் இறங்கி அங்கிருந்து வேன் பிடிப்பவருக்கும் அதுவே சுகம். இழுத்து நீட்டும் அன்டெனா மாதிரித் தடி இதைவிட மலிவு. அதன் நுனி மெலிவு, வளையங்கள் திரும்பிக்கொள்ளும். நான் அதைப் பரிந்துரைக்க மாட்டேன்.

தடிக்கு உறை வாங்கக் காசு செலவழிக்க வேண்டாம். ஹாட்வெயார் கடையில் இரண்டு அங்குல பீவீசீ குழாயும் இரண்டு மூடியும் வாங்கினால் பஸ்ஸின் கூரையில் போட்டாலும் தடிக்கு ஒன்றும் ஆகாது.

4. ஃப்ளை வழி

உங்களுக்குக் கிடைத்த அனுமதி ஃப்ளைக்கு மட்டும் என்றால் மேலே சொன்ன ரீலும் தடியும் உதவாது. இங்கே வீசப்படுவது ஈயத்தின் எடை அல்ல, கயிற்றின் எடை. ஃப்ளை என்பது இறகும் நூலும் சுற்றிய பூச்சி உருவம், எடையே இல்லாதது. அதைக் கொண்டுபோய்ச் சேர்ப்பது தடித்த ஃப்ளை லைன்.

வாவியில் காற்று அடிக்கும், அங்கே 9 அடி நீளமான, 5ஆம் இலக்கத் தடி. குறுகிய ஓடை என்றால் 7½ அல்லது 8 அடி, 3 அல்லது 4ஆம் இலக்கம். ஒன்றுதான் வாங்க முடியும் என்றால் 9 அடி 5ஆம் இலக்கத்தை எடுங்கள், இரண்டு இடத்துக்கும் சமாளிக்கலாம். லைனின் இலக்கமும் தடியின் இலக்கமும் ஒன்றாக இருக்க வேண்டும். மிதக்கும் வகை, முன்பக்கம் பாரமானது என்று கேளுங்கள்.

சுழல் ரீல் வழியில் ரீலுக்குக் கூடுதல் காசு போடச் சொல்வேன். ஃப்ளையில் அப்படியே மாறும். ட்ரவுட் அளவு மீனுக்கு ஃப்ளை ரீல் பெரும்பாலும் லைனைச் சுற்றி வைக்கும் உருளை மட்டுமே. மலிவானது போதும். மிச்சக் காசை நல்ல லைனுக்குப் போடுங்கள். மலிவான லைன் சுருண்டு சுருண்டு விழுந்து பழகுபவரின் மனதை முறித்துவிடும்.

லைனின் முனையில் 9 அடி லீடர், அதாவது நுனி நோக்கி மெலிந்து போகும் தங்கூசி. அதன் முனையில் டிப்பெட், அதாவது ஃப்ளையைக் கட்டும் மெல்லிய தங்கூசித் துண்டு. டிப்பெட்டின் கனம் எக்ஸ் என்ற எழுத்தால் குறிக்கப்படும். எண் ஏற ஏற மெலியும். 4 எக்ஸ் 0.18 மில்லிமீற்றர், 5 எக்ஸ் 0.15. ஃப்ளையின் இலக்கத்தை மூன்றால் வகுத்தால் ஏறத்தாழப் பொருத்தமான எக்ஸ் வரும்: 12ஆம் இலக்க ஃப்ளைக்கு 4, 14க்கு 5.

ஃப்ளைகளில் நூறு வகை காட்டுவார்கள். முதல் பெட்டிக்கு இவை போதும்: மேலே மிதப்பதற்கு ஆடம்ஸ், எல்க் ஹெயார் கடிஸ் 14ஆம் இலக்கம், நீருக்குள் போவதற்கு பெஸன்ட் டெயில், ஹெயார்ஸ் இயர் 14ஆம் இலக்கம், வாவிக்கு கறுப்பு அல்லது ஒலிவ் நிற வூலி பகர் 10ஆம் இலக்கம். ஒவ்வொன்றிலும் மூன்று. மரக்கிளையில் சிக்கிப் போவதுதான் கூடுதலாக இருக்கும், ஆகவே ஒரே ஒன்றாக வாங்க வேண்டாம்.

இந்தச் சாமானைக் கொழும்பில் கடை கடையாகத் தேடுவதைவிட வெளிநாட்டிலிருந்து எடுப்பதே நேர் வழி. லண்டனிலோ டொரொண்டோவிலோ இருந்து சொந்தக்காரர் வருகிறார் என்றால் அவரிடம் சொல்லுங்கள். லைன், லீடர், டிப்பெட், ஃப்ளை எல்லாம் சேர்ந்து ஒரு சப்பாத்துப் பெட்டிக்குள் அடங்கும். கொழுக்கி உள்ளவற்றைக் கைப்பையில் வைக்க வேண்டாம் என்று சொல்லி அனுப்புங்கள், பெரிய பெட்டிக்குள் போகட்டும். தபாலில் வரவழைத்தால் சுங்க வரி சேரும். பொருள் விலையும் தபால் செலவும் வரியும் கூட்டினால் என்ன ஆகிறது என்று பார்த்துவிட்டு ஓடர் பண்ணுங்கள். விலைச்சீட்டு, காசு கட்டியதற்கான அத்தாட்சி, அடையாள அட்டைப் பிரதி மூன்றையும் அச்செடுத்து வையுங்கள். பொதியை எடுக்கப் போகும்போது கேட்கலாம்.

5. கொழுக்கி, ஈயம், முடிச்சு

இரை போடுவதற்கு 8, 10, 12 இலக்கக் கொழுக்கிகள். இங்கே ஒரு பொறி இருக்கிறது. இந்த இலக்கங்களில் எண் ஏறினால் கொழுக்கி சிறுக்கும். ஆனால் கடல் கொழுக்கிகள் "ஒன்றின் கீழ் சுழியம், இரண்டின் கீழ் சுழியம்" (1/0, 2/0) என்று எண்ணப்படும், அங்கே எண் ஏறினால் பெருக்கும். கடையில் எண்ணை மட்டும் சொன்னால் குழப்பம் வரும். கண்ணால் பாருங்கள். 10ஆம் இலக்கம் சுண்டுவிரல் நகத்தின் நீளத்தைப் பெரிதும் தாண்டாது.

கொழுக்கி நுனிக்குப் பின்னால் எதிர்ப்பக்கம் நீட்டும் சிறு முள்ளைக் குறட்டால் நசுக்கிவிடுங்கள். மீனைத் திரும்ப விடும்போது காயம் குறையும். உங்கள் விரலில் ஏறினாலும் எளிதாகக் கழற்றலாம், நுவரெலியா ஆஸ்பத்திரியைத் தேடி ஓட வேண்டியதில்லை.

இவற்றோடு வாங்க வேண்டியவை: பிளந்த சிறு ஈயக் குண்டுகள், சிறிய ஸ்விவல் (தங்கூசி முறுக்கேறாமல் சுழன்று கொடுக்கும் இணைப்பு), ஒரு மெல்லிய மிதவை, நகவெட்டி, நீள மூக்குக் குறடு. குறட்டுக்குப் பதில் மருத்துவ உபகரணக் கடையில் விற்கும் ஃபோர்செப்ஸ் இன்னும் நல்லது.

முடிச்சு ஒன்றைப் பழகினால் போதும். தங்கூசியைக் கொழுக்கியின் கண்ணில் நுழைத்து, தன்மேல் ஐந்து சுற்றுச் சுற்றி, கண்ணருகே உண்டான ஓட்டைக்குள் விட்டு, பிறகு பெரிய வளையத்துக்குள்ளும் விட்டு இழுப்பது. இழுக்கும் முன் எச்சிலால் நனையுங்கள். உலர்ந்தபடி இழுத்தால் உராய்வுச் சூட்டில் தங்கூசி பலவீனப்படும், அறுவது எப்போதும் அந்த இடத்தில்தான். ட்ராக்கைத் தங்கூசியின் தாங்கு பலத்தில் கால்வாசியில் இளகும்படி வையுங்கள்.

6. இரை

இரைக்கு அனுமதி உள்ள இடத்தில் மண்புழுவுக்கு மேல் ஒன்றில்லை. ஒன்றை எடுத்து நடுவில் ஒரு முறையோ இரு முறையோ கோர்த்து வாலைத் துடிக்க விடுங்கள். உருண்டையாகச் சுருட்டிக் கோர்ப்பது கெளிற்றுக்குச் சரி, ட்ரவுட்டுக்கு வேண்டாம். கொழுக்கிக்கு ஒரு சாண் ஒன்றரைச் சாண் மேலே ஒரே ஒரு சிறு ஈயம். ஓடையில் நீரோட்டத்தின் வேகத்திலேயே இரை போக வேண்டும். ஈயம் கூடி அடியில் குத்தி நின்றால் மீன் அதை நம்பாது.

புழுவைக் கொழும்பிலிருந்து கொண்டுபோகாதீர்கள். வழிச் சூட்டில் பாதி சாகும். மிஞ்சியதை மலை ஓடைக்கரையில் கொட்டிவிடுவதும் சரியில்லை, அந்த மண்ணுக்குரியதல்லாத புழுவை அங்கே சேர்க்கக் கூடாது. நுவரெலியாவில் மரக்கறித் தோட்டம் வைத்திருப்பவரிடம் கேட்டால் ஒரு சிரட்டை நிறையக் கிடைக்கும். ஈரமான தும்பு போட்டு நிழலில் வையுங்கள். உயிருள்ள சிறு மீனை இரையாகக் கொண்டுபோவதை அறவே தவிர்த்துவிடுங்கள். தப்பி நீரில் கலந்தால் அங்குள்ள உயிர்களுக்குக் கேடு.

வெட்டுக்கிளி கிடைத்தால் ஈயம் போடாமல் மேற்பரப்பில் மிதக்க விடலாம். வளர்த்து விடப்பட்ட மீன் உள்ள குளத்தில் பாண் உருண்டை, சீஸ் துண்டு, டின் சோளம் போன்றவையும் வேலை செய்யும். வாவியில் இரை போட்டால் கெண்டையும் கடிக்கும், அதைக் கண்டு மனம் சோர வேண்டாம்.

இரையின் பெரிய குறை, மீன் அதை ஆழமாக விழுங்கிவிடும். விழுங்கியிருந்தால் கொழுக்கியைத் தோண்டி எடுக்காதீர்கள். தங்கூசியை வாயருகே வெட்டி விட்டுவிடுங்கள், அதற்குப் பிழைக்கும் வாய்ப்பு அதுதான். மீனைத் திரும்ப விடுவதாக எழுதிக் கொடுத்திருந்தால் இரையைவிட ஸ்பின்னர், அதாவது இழுக்கும்போது சுழலும் தகடு உள்ள உலோகப் போலி இரை நல்லது. 0, 1, 2 இலக்கத்தில் 2 முதல் 4 கிராம் வரை, வெள்ளி நிறத்தில் ஒன்று, பொன் நிறத்தில் ஒன்று. அதிலிருக்கும் மும்முனைக் கொழுக்கியைக் கழற்றி ஒற்றைக் கொழுக்கி போடுங்கள். ஸ்பின்னருக்கு மேலே ஸ்விவல் கட்டாயம், இல்லாவிட்டால் தங்கூசி முறுக்கேறிவிடும்.

7. காசைப் பிரிக்கும் விதம்

டொலரோடு ஏறி இறங்கும் விலைகளை இங்கே ரூபாயில் எழுதினால் அடுத்த மாதமே பொய்யாகிவிடும். ஆகவே விகிதத்தில் சொல்கிறேன். சாமானுக்கு ஒதுக்கிய காசைப் பத்துப் பங்காக்குங்கள். சுழல் ரீல் வழி என்றால் ரீலுக்கு நான்கு, தடிக்கு மூன்று, தங்கூசிக்கு ஒன்று, மற்றச் சில்லறைச் சாமானுக்கு இரண்டு. ஃப்ளை வழி என்றால் தடிக்கு நான்கு, லைனுக்கு மூன்று, ரீலுக்கு ஒன்று, லீடர், டிப்பெட், ஃப்ளை சேர்த்து இரண்டு. மொத்தச் செலவில் பயணமும் தங்குமிடமும்தான் சாமானை விழுங்கும். ஏப்ரல் வசந்த காலத்தில் நுவரெலியாவில் அறை வாடகை கண்டபடி ஏறும், வாவிக் கரையில் கால் வைக்கவும் இடம் இருக்காது. அந்த மாதத்தை விட்டுவிடுங்கள்.

8. கொழும்பிலேயே பழகுங்கள், பிறகு புறப்படுங்கள்

வீசிப் பழகத் தண்ணீர் தேவையில்லை. காலையில் ஆளில்லாத மைதானத்தில் கொழுக்கிக்குப் பதில் ஒரு கம்பளி நூல் துண்டைக் கட்டி வீசுங்கள். காலிமுகத்திடலில் கடற்காற்று பலமாக இருக்கும், ஃப்ளை பழகுபவர் அங்கே தொடங்க வேண்டாம். சுழல் ரீல்காரர் பொல்கொடைப் பக்கம் போய் அதே தடியில் திலாப்பியா பிடித்துப் பார்க்கலாம். மெல்லிய தங்கூசியில் மீன் இழுப்பது எப்படி இருக்கும் என்று கை அறிந்துகொள்ளும்.

மலைக்குப் போக ஜனவரி முதல் மார்ச் வரை ஏற்ற காலம், மழை குறைவு. மே மாதம் தொடங்கித் தென்மேல் பருவ மழை பெய்தால் ஓடைகள் கலங்கிப் போகும். கலங்கிய நீரில் ஃப்ளை தெரியாது. நாளில் விடிகாலையும் மாலையும் நல்லது. போயா நாளில் தூண்டில் போட வேண்டாம். அலுவலகங்களும் பூட்டு, அயலவர் மனமும் நோகும்.

ஹோட்டன் சமவெளி வாசலில் பொலித்தீனை எடுத்துவிடுவார்கள். அனுமதி பெற்று அங்கே போகிறவர் ஃப்ளைகளையும் டிப்பெட்டையும் பொலித்தீன் பையில் வைக்காமல் டொபி டின் ஒன்றில் வையுங்கள். அட்டைக்கு நீள மேஸ், குளிருக்குத் தடித்த ஸ்வெட்டர், அனுமதிக் கடிதத்தின் மூலப்பிரதி பையிலும் அதன் படம் கைத்தொலைபேசியிலும்.

மீனைத் தொடும் முன் கையை நனையுங்கள். உலர்ந்த கை அதன் மேலுள்ள வழுவழுப்பை உரித்துவிடும்.

9. திரும்பி வந்ததும்

வெள்ளவத்தை, பம்பலப்பிட்டி மாதிரி கடலோரத்தில் இருப்பவர்களுக்கு இது முக்கியம். உப்புக் காற்று ரீலையும் கொழுக்கியையும் அலுமாரிக்குள்ளேயே துருப்பிடிக்க வைக்கும். ஈரத் துணியால் துடைத்து, காயவிட்டு, ரீலின் சுழலும் இடத்தில் ஒரு சொட்டு எண்ணெய் விடுங்கள். தையல் மெசின் எண்ணெய் போதும். ஃப்ளைகளைப் பெட்டியைத் திறந்து வைத்து ஒரு இரவு உலர விடுங்கள். நைலோன் தங்கூசி வெயிலில் கெடும், ஜன்னலோரம் வைக்காமல் வருடத்துக்கு ஒரு முறை மாற்றுங்கள். கடைசியாக ட்ராக்கின் திருகை முழுதாகத் தளர்த்திவிட்டு ரீலை வையுங்கள். இறுக்கியபடி மாதக்கணக்கில் கிடந்தால் உள்ளே இருக்கும் வளையங்கள் அமுங்கி, அடுத்த முறை தங்கூசி விட்டு விட்டு இழுபடும்.